நான் கத்துக்கிட்ட இந்தி

கன்னியாகுமரியில ஒரு லாட்ஜ் ரிசப்ஷன்ல 11 வருஷமா இருக்கேன், வீடு சுசீந்திரம் பக்கம். துர்கா பூஜா லீவு வந்தா கொல்கத்தாக்காரங்க குடும்பம் குடும்பமா வந்து இறங்குவாங்க, 1892ல விவேகானந்தர் வந்து தியானம் பண்ணின பாறைங்கறதால அவங்கள்ல நிறைய பேருக்கு இது வெறும் டூர் கிடையாது. அந்தக் கூட்டம் கொறையறதுக்குள்ள கார்த்திகை பொறந்துரும், சபரிமலை போயிட்டு ஆந்திரா கர்நாடகா சாமிமாரு ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டிய கொண்டு வந்து நிறுத்துவாங்க. நடுவுல சமையல்காரர், பாத்திரம், கேஸ் அடுப்பு எல்லாத்தையும் பஸ்லயே ஏத்திட்டு வர்ற குஜராத் குரூப்பும் உண்டு.

பாஷை எனக்கு ஒரு பிரச்சனையே இல்லனு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த ஊருதானே இது, எங்க அம்மா வீடு மார்த்தாண்டம் பக்கம், அங்க நம்ம ஆளுங்களே தண்ணிய வெள்ளம்னுதான் சொல்லுவாங்க, அதனால மலையாளம் சின்ன வயசுலயே காதுல விழுந்தது. இந்தி மட்டும் வேலைக்கு வந்தப்புறம் வந்தது. லாட்ஜுக்கு பின்னாடி புது பிளாக் கட்டும்போது பீகார் பசங்க வேலைக்கு வந்திருந்தாங்க, காண்ட்ராக்டரோட ஆள் அவங்கள வேலை வாங்குறத தினமும் கேட்டு கேட்டு எனக்கும் வந்துருச்சு. இதர் ஆவ் (இங்க வா), ஜல்தி கரோ (சீக்கிரம் செய்), தும் உதர் ஜாவ் (நீ அங்க போ). ஆறு மாசத்துல நான் இந்தி பேசுறேன்னு அண்ணாச்சியே (எங்க ஓனர்) எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவாரு.

ஒரு பூஜா சீசன்ல கொல்கத்தாவுல இருந்து ஒரு பெரியவர், எழுபது வயசுக்கு மேல இருக்கும், காலையில இறங்கி வந்து பாத்ரூம்ல வெந்நீர் வரலனு சொன்னாரு. கவுண்டர்ல ஒரே கூட்டம். நான் சிரிச்ச முகமாத்தான் சொன்னேன், "தும் ரூம் ஜாவ், பானி ஆயேகா"னு. அவரு ஒரு நிமிஷம் என்னையே பாத்தாரு, ஒண்ணும் பேசாம மேல போயிட்டாரு. பத்து நிமிஷத்துல வெந்நீர் அனுப்பிட்டேன், சொன்னபடி வேலைய முடிச்சாச்சுனு அடுத்த ஆளப் பாக்க ஆரம்பிச்சுட்டேன்.

சாயங்காலம் அவரோட மகன் வந்தாரு. கூட்டம் இல்லாத நேரமா பாத்துதான் வந்திருக்காருனு இப்ப தோணுது. மெதுவா இங்கிலீஷ்ல சொன்னாரு, வெந்நீர் உடனே வந்துச்சு, நன்றி, ஆனா நீங்க எங்கப்பாகிட்ட நீ போ வானு பேசினீங்க, அவரு அத உங்ககிட்ட சொல்ல மாட்டாரு, அதான் நான் சொல்றேன்னு.

எனக்கு உடம்பு கூசிப் போச்சு. எங்க வீட்டுல பெரியவங்கள அவிய வந்தாவ, அவிய சொன்னாவன்னுதான் பேசுவோம், என் அப்பாவ யாராவது ஒரு சின்னப் பய நீ போன்னு சொன்னா நான் விட்டிருப்பேனா? மரியாதையா எப்படி சொல்லணும்னு மகன்கிட்டயே கேட்டேன், 'ஆப்'னு சொல்லணும், ஜாவ்னு சொல்லாம 'ஜாயியே'னு சொல்லணும்னாரு. மேல போய் கைய கூப்பி மன்னிப்பு கேட்டேன். பெரியவரு டீக் ஹை டீக் ஹைன்னு (சரி, பரவாயில்லன்னு) சொல்லிட்டு, தமிழ்ல ஆப்க்கு என்ன வார்த்தைனு கேட்டாரு. 'நீங்க'ன்னு சொன்னேன், ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி யோசிக்கும்போதுதான் புரிஞ்சது, நான் படிச்சது முழுக்க வேலை ஏவுற இந்தி. அந்த பீகார் பசங்க பதிலுக்கு பேசினது எதுவும் எனக்கு மனசுல நிக்கல, அவங்களுக்கு மேல நின்னவன் பேசினது மட்டும்தான் நின்னுருக்கு.

எங்க லாட்ஜ்ல ரூம் சுத்தம் பண்ண அசாம்ல இருந்து ஒரு தம்பி இருக்கான். அவன்கிட்டயும் நான் அதே இந்திதான் பேசிட்டு இருந்தேன். மறுநாள் அவன ஆப்னு கூப்பிட்டதும் திரும்பி பின்னாடி யாரு நிக்கிறாங்கனு பாத்தான், அது எனக்கு இன்னும் வலிக்குது. அப்புறம் பேச்சு வளந்து, அவன் பாஷை அசமியா, இந்தி அவனும் வேலைக்குனு வெளிய வந்துதான் பழகினான்னு தெரிஞ்சது. நாங்க எல்லாரும் அவன இந்திக்காரன்னுதான் சொல்லிட்டு இருந்தோம். அவங்க பாஷையில ஆபுனி, துமி, தொய்னு மூணு விதமா ஆள கூப்பிடலாம், யார எப்படி கூப்பிடணும்னு வீட்டுல சின்னதுலயே சொல்லிக் குடுத்துருவாங்க. அவன் ஊர்ல சித்திரை வைகாசியில அஞ்சு மணிக்கெல்லாம் நல்லா வெளிச்சமா இருக்குமாம், இங்க அஞ்சரைக்கும் இருட்டா இருக்குறதப் பாத்து வந்த புதுசுல மழை வரப்போகுதுனு நெனச்சானாம். கொல்கத்தா கெஸ்ட்டுங்க சன்ரைஸ் பாக்க அவ்ளோ சீக்கிரமா லாபியில வந்து நின்னு நச்சரிக்கறது ஏன்னு எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும், அவங்க ஊர்லயும் சூரியன் நமக்கு முன்னாடியே வந்துரும். இப்பல்லாம் சாவி குடுக்கும்போதே நேரத்த சொல்லிடறேன்.

பகவதி அம்மன் கோவில் விஷயமும் அப்படித்தான். ஆம்பளைங்க சட்டைய கழட்டிட்டுதான் உள்ள போகணும், வடக்க இருந்து வர்ற நிறைய பேருக்கு அது தெரியாது, வாசல்ல கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தர் "சட்டை சட்டை"ன்னு சத்தம் போட்டா குடும்பத்துக்கு முன்னாடி அவங்களுக்கு எப்படி இருக்கும். முந்தின நாளே சொல்லிடுவேன், எல்லாருக்கும் ஒரே வழக்கம்தான், நானும் கழட்டிட்டுதான் போவேன்னு. அந்த 'நானும்' சொன்னதும் அவங்க முகத்துல இறுக்கம் விட்டுப் போறத பல தடவ பாத்திருக்கேன்.

ஒருநாள் ஒரு குஜராத் கெஸ்ட் எங்க வாட்ச்மேன் தாத்தாவ பாய் பாய்னு கூப்பிட்டுட்டே இருந்தாரு, தாத்தா திரும்பவே இல்ல, நம்ம ஊர்ல பாய்னா முஸ்லிம் அண்ணன்மாரத்தானே சொல்லுவோம், தன்ன இல்லனு இருந்துட்டாரு. கெஸ்ட்டுக்கு கோவம் வந்துருச்சு. அவங்க ஊர்ல அது அண்ணன்னு மரியாதையா கூப்பிடற வார்த்தைனு தாத்தாகிட்ட சொன்னதும் அவரு ஓடிப்போய் பெட்டிய வாங்கினாரு.

ஆனா ஒண்ணு பாக்கி இருக்கு. அண்ணாச்சி இப்பவும் அந்த அசாம் தம்பிய "ஏ வடக்கா"ன்னுதான் கூப்பிடறாரு. கெட்ட மனுசன் கிடையாது, அவன் அம்மாவுக்கு ஆபரேஷன்னதும் கேக்காமலே பணம் அனுப்பினவரு. அந்தப் பெரியவரோட மகன் கூட்டம் இல்லாத நேரமா பாத்து என்கிட்ட வந்த மாதிரி நானும் அண்ணாச்சிகிட்ட போகணும், ரெண்டு வாரமா போகாம இருக்கேன். கார்த்திகை பொறக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும்.