முதுகுகளுக்குப் பாடும் மாதங்கள்

பாம்பன் தீவில் தென்கடலைப் பார்த்த ஒரு சின்ன விடுதி. அதன் மணலில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துப் பாடுவது என் வேலை. வாரத்தில் ஐந்து நாள், மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருப்பதால் அரை மணி நேரம் முன்பே பெட்டியை அணைத்துவிடுவேன். நடுவில் ஒரு சுக்குக் காப்பி, முடிந்ததும் அடுக்களையில் சாப்பாடு. ஏழு வருடமாக இப்படித்தான் போகிறது.

இங்கே வந்து நான் முதலில் கற்றுக்கொண்டது காற்றை. அதற்கு முன் பத்து வருடம் ஹோட்டல் ஹால்களிலும் கல்யாண மண்டபங்களிலும் பாடியவன் நான். சுவர் இருக்கிற இடத்தில் பாடியவர்களுக்குத் திறந்தவெளி பிடிபடக் கொஞ்ச நாளாகும். அறைக்குள் நாம் விடுகிற சத்தத்தைச் சுவரும் கூரையும் திருப்பித் தரும். கடற்கரையில் போனது போனதுதான். தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. அதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். காற்று போகிற பக்கம் சத்தம் கீழே வளைந்து ஆளைத் தேடிப் போகும். எதிர்க்காற்றில் மேலே வளைந்து எங்கோ போய்விடும். முதல் வாரம் எனக்கு இது தெரியாமல் பெட்டியைக் கூட்டிக்கொண்டே போனேன். முன்னால் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள், பின்னால் இருந்தவர்களுக்கு அப்போதும் சொல் தெரியவில்லை.

விடுதிக்கு நண்டு கொண்டுவரும் பெரியவர் ஒருவர் இதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“ஏன்ப்பு காத்தோட மல்லுக்கட்டுற? இப்ப கச்சான் அடிக்குது. கடலுக்கு முதுகக் காட்டி உக்காரு. அது உன் பாட்டத் தூக்கிட்டுப் போயி அவுகளுக்குக் குடுக்கும்.”

கச்சான் என்றால் தென்மேற்கிலிருந்து கடல்மேல் வரும் காற்று. அன்றைக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். பெட்டியின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தும் கடைசி மேசை வரை சொல் சொல்லாகக் கேட்டது. மைக்குக்குள் காற்று புகுந்து புஸ் புஸ் என்று இரைவதும் நின்றது, என் உடம்பே அதற்கு மறைப்பாகிவிட்டது. கச்சான் மாதங்களில் விருந்தினர்களுக்கு நான், எனக்குப் பின்னால் கடல், அதன்மேல் இருட்டும் வானம் எல்லாம் ஒன்றாகத் தெரியும். பாடுகிறவனுக்கு அதைவிட நல்ல மேடை கிடையாது.

ஐப்பசிக்குப் பிறகு வடக்கிலிருந்து வாடை வந்துவிடும். மேடை அப்படியே தலைகீழாகும்.

இந்தத் தீவில் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். பெயர் அப்படி இருந்தாலும், வாடைக்காலத்தில் வடகடல் புரளும்போது எங்கள் தென்கடல் குளம் மாதிரி கிடக்கும். காற்று நிலத்துப் பக்கமிருந்து வரும். நான் கட்டடத்தை ஒட்டி உட்கார வேண்டும், விருந்தினர்கள் கடல் பக்கம். அவ்வளவு அமைதியான கடலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து உட்கார யாருக்கும் தோன்றாது. நாற்காலிகளைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். மூன்று நான்கு மாதம் நான் பாடுவது முதுகுகளுக்குத்தான்.

ஆரம்பத்தில் அது எனக்கு வலித்தது. யாருமே கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். பிறகு மெல்ல மெல்ல முதுகைப் படிக்கப் பழகினேன். தெரிந்த பாட்டு வந்தால் தோள் ஒரு பொட்டு இறங்கும். தாளம் பிடித்துவிட்டால் கழுத்து சொல்லும். பாட்டு தொந்தரவாக இருந்தால் தலை சற்று முன்னால் குனியும், நாற்காலி நகரும். முகம் மரியாதைக்குச் சிரித்துவிடும், முதுகுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இப்போது யோசித்தால், என் தொழிலை எனக்குச் சொல்லித்தந்தது அந்த மாதங்கள்தான்.

கிட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புக்காற்று கம்பியைத் தின்னும். மேலே சுற்று இல்லாத வெறும் எஃகுக் கம்பிகள் இரண்டும் நான்கைந்து நாளில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். விரலை இழுத்தால் சொரசொரப்பு, மோந்தால் பழைய ஆணி வாசம். வெண்கலம் சுற்றிய கம்பிகள் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் மினுக்கம் போய்ச் சத்தம் மங்கிவிடும். பூச்சுப் பூசிய கம்பி வாங்கினால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், விலை இரண்டு மூன்று மடங்கு. ஒவ்வொரு இரவும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியாக, அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்துத்தான் பெட்டியில் வைப்பேன். மரமும் சும்மா இருக்காது. ஈரத்தைக் குடித்து மேல்பலகை உப்பும், கம்பி எழும்பி நிற்கும், விரலுக்குக் கூடுதல் பலம் வேண்டும். ஒரு தடவை தனுஷ்கோடிக்கு விருந்தினர்களோடு போனபோது கிட்டாரைக் காருக்குள் வெயிலில் விட்டுவிட்டேன். திரும்பி வந்தால் கம்பியைத் தாங்கும் கட்டை பலகையிலிருந்து ஒரு நகக்கண் அளவு பெயர்ந்திருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் ஒட்டி வாங்க மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் இரவல் வாங்கிய கிட்டாரில் வாசித்தேன், ஒரு நாள்கூட மனசு ஒட்டவில்லை.

எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பது தனிக் கலை. அதில் எனக்கு வழிகாட்டி கர்நாடக சங்கீத வித்வான் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் என்றால் கிட்டார் வாசிப்பவர்கள் வியப்பார்கள். இன்றைக்கு நாம் கேட்கும் கச்சேரி முறையை, வர்ணத்தில் தொடங்கி, கனமானதை நடுவில் வைத்து, கடைசியில் இலகுவான உருப்படிகளால் இறக்கிவிடும் அந்த முறையை, நிலைநிறுத்தியவர் அவர். அவருடைய குருக்களில் ஒருவர் எங்கள் ராமநாதபுரத்துப் பூச்சி சீனிவாச அய்யங்கார். நான் வாசிப்பது சினிமாப் பாட்டும் நாட்டுப்பாட்டும், கொஞ்சம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம். இருந்தாலும் அந்த வரிசை அப்படியே பொருந்துகிறது. முதல் மூன்று பாட்டு விறுவிறுப்பாக, தட்டு வைக்கிற சத்தத்தோடு போட்டி போடாமல். எட்டு மணிக்கு மேல் சாப்பாடு ஓய்ந்தபின் கனமானவை. கடைசி அரை மணியில் குழந்தைகள் தூங்கி விழும் நேரத்துக்கு மெல்லிசை. சரியாக இறக்கிவிட்டால் யாரும் கைதட்ட மாட்டார்கள், அமைதியாக எழுந்து போவார்கள். எனக்கு அதில்தான் நிறைவு.

இங்கே வரும் முன், அந்தப் பத்து வருடத்தில் ஒரு வருடம் வெளிநாட்டுத் தீவு ஒன்றில், பெரிய ரிசார்ட்டில் ஒப்பந்தத்துக்கு இருந்தேன். சம்பளம் நல்ல சம்பளம். முப்பது ஆங்கிலப் பாட்டு அடங்கிய பட்டியலைக் கொடுத்து இதைத் தாண்டக் கூடாது என்றார்கள். தேனிலவுக்கு வந்தவர்களும் விடுமுறைக்கு வந்தவர்களுமே அங்கே இருந்ததால், சந்தோஷத்தைத் தவிர வேறு எதற்கும் பாட வேண்டிய தேவை வரவில்லை. ஊர் திரும்பியபோது இதுவும் தீவு, அதுவும் தீவு, வேலை ஒன்றுதானே என்று நினைத்தேன். தப்புக் கணக்கு.

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் யாரையோ இழந்துவிட்டு வருகிறவர்கள். காலையில் அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுத்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து, மத்தியானம் தனுஷ்கோடி பார்த்துவிட்டு, மாலையில் விடுதி மணலில் வந்து உட்காருவார்கள். தனுஷ்கோடியும் 1964 டிசம்பர் புயல் ஒரே இரவில் அழித்த ஊர்தான். பக்கத்து மேசையில் பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள். அதற்கு அடுத்த மேசையில் காற்றாடிப் பலகையில் கடலில் சறுக்கிவிட்டு வந்த இளைஞர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மூன்று மேசைக்கும் ஒரே பாட்டு. பழைய தூக்குப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றபோது கூட்டம் வெகுவாகக் குறைந்தது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தபின் மறுபடி குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சாம்பல் கலசத்தோடு வந்தவர்களையும் சுற்றுலா வந்தவர்களையும் வாசலில் வைத்துப் பிரித்தறிய முடியாது. விடுதியில் பரிமாறும் பையன்தான் எனக்கு உதவுவான். தண்ணீர் வைக்கப் போகும்போது பேச்சுக் கொடுத்துவிட்டு வந்து, “அண்ணே, நாலாம் நம்பர் மேசை காரியத்துக்கு வந்தவுங்க” என்று காதில் சொல்வான். உடனே வரிசையை மாற்றிவிடுவேன். அதற்காகச் சோகப்பாட்டு பாடுவதில்லை. சொல் குறைந்த பாட்டு, நிதானமான தாளம், அவ்வளவுதான்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டு நாளும் பாட்டே கிடையாது. அது முதலாளி வைத்த வழக்கம், அவரை நான் மதிக்கிற காரணங்களில் அது ஒன்று.

மூன்று வருடத்துக்கு முந்தைய தை அமாவாசை. பாட்டு இல்லை என்பதால் ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி இருக்கும். திருப்பூர்ப் பக்கத்திலிருந்து அம்மாவின் அஸ்தி கரைக்க வந்திருந்த அண்ணனும் தங்கையும் கொட்டகை வாசலில் நின்றார்கள். அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். வெகு நேரம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

“எங்கம்மா ஒரு தாலாட்டு பாடுவாங்க. வார்த்தை எங்க ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்லீங்க. மெட்டு மட்டும் இருக்கு. வாசிச்சுக் காட்ட முடியுங்களா?”

பாடுங்கள் என்றேன். அவர் முனகினார். மூன்று சுரத்துக்குள் ஏறி இறங்குகிற சின்ன மெட்டு. புதுக்கம்பி சுருதியில் நிற்காது, இழுத்துக்கொண்டே இறங்கும். ஒவ்வொரு முறையும் முறுக்கி முறுக்கி வாசித்தேன். இரண்டாவது வரியில் தங்கை கையைக் காட்டி நிறுத்தினார். அங்கே மேலே போக வேண்டும் என்றார். அண்ணன் இல்லை, கீழே என்றார். இரண்டையும் வாசித்தேன். இரண்டும் சரியில்லை என்று இரண்டு பேருக்குமே பட்டது. நானும் தெரிந்த கமகமெல்லாம் போட்டுப் பார்த்தேன், பக்கத்துச் சுரத்தை எல்லாம் தொட்டுப் பார்த்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். தங்கை கண்ணை மூடி, மடியில் பிள்ளை கிடப்பது மாதிரி முழங்காலை ஆட்டிக்கொண்டே முனகிப் பார்த்தார். சட்டென்று நிறுத்தினார்.

“அண்ணா, அங்க ஒண்ணுமே இல்ல. அம்மாவுக்கு இளைப்பு இருந்துச்சுல்ல. அந்த எடத்துல மூச்சு வாங்குவாங்க.”

அண்ணன் எதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

முதலிலிருந்து வாசித்தேன். பெட்டி இல்லை, மைக் இல்லை, வெறும் மரம்தான். வாடை அன்றைக்கு ஓய்ந்திருந்தது. அவர்கள் இரண்டு பேரும் கொட்டகையை விட்டு இறங்கி, கடலைப் பார்த்து மணலில் உட்கார்ந்தார்கள். நிலா இல்லாத இரவு, வராந்தா விளக்கில் இரண்டு முதுகு மட்டும் தெரிந்தது. இரண்டாவது வரி வந்தது. அந்த இடத்தில் கையைக் கம்பிமேல் வைத்து நிறுத்தினேன். இரண்டு முதுகும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கின. நாலாவது கம்பி மறுபடி சுருதி இறங்கியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு மூன்றாவது வரிக்குப் போனேன்.