திரையில் ஓடும் படத்தை நம்பலாமா?

தொழிற்சாலைக் கேமரா வாங்கினால் கூடவே ஒரு மென்பொருள் தொகுப்பும் வரும். அதில் உள்ள மாதிரி நிரலைத் திறந்து பட்டனை அழுத்தினால் படம் ஓட ஆரம்பித்துவிடும். விற்க வந்த பொறியாளர் பெருமையோடு நம்மைத் திரும்பிப் பார்ப்பார். கேமராவை வைத்துப் பொருள்களைச் சோதிக்கும் மெஷின் விஷன் வேலையில் பல வருடங்களை ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்குச் சந்தேகம் ஆரம்பிப்பதே அங்கேதான். படம் வரும்போது எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் இருக்கும். படம் வராதபோது, அல்லது அரைகுறையாக வந்தபோது, அது வாயைத் திறந்து சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு ஆலையில் ஆபரேட்டர் கூப்பிட்டு, "சார், நல்ல பீஸை எல்லாம் தள்ளிவிடுது, நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். ரிஜெக்ட் ஆன பொருளின் படம் திரையில் பளிச்சென்று இருந்தது, ஒரு குறையும் தெரியவில்லை. கேமரா 2448 × 2048 பிக்ஸல். திரையில் படத்துக்கு ஒதுக்கியிருந்த கட்டம் 816 பிக்ஸல் அகலம். மென்பொருளில் படத்தைச் சுருக்கிக் காட்டும் பகுதி (கன்ட்ரோல்), வேகத்துக்காக மூன்று பிக்ஸலுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிட்டது. பொருளின் மேல் இருந்ததோ ஒரே பிக்ஸல் அகலத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கீறல். விடுபட்ட பிக்ஸல்களில் அது விழுந்தால் திரையைப் பொறுத்தவரை கீறலே கிடையாது. சோதிக்கும் நிரலுக்கு முழுப் படமும் போவதால் அது சரியாகவே பிடித்துத் தள்ளியிருக்கிறது. சேமித்திருந்த படத்தை முழு அளவில் திறந்து காட்டிய பிறகுதான் அவர் நம்பினார். அவர்மேல் தப்பே இல்லை. கண்ணால் கண்டதைத்தானே சொன்னார்? அப்புறம், குறை இருக்கும் இடத்தை மட்டும் சுருக்காமல் ஓரத்தில் தனியாகக் காட்டும்படி மாற்றினோம். சண்டை ஓய்ந்தது.

2006-இல் ஈதர்நெட் கேபிளில் இணையும் கேமராக்களுக்கான கிக்-ஈ விஷன், எந்தக் கம்பெனிக் கேமராவையும் ஒரே மாதிரி இயக்குவதற்கான ஜெனிகேம் என்ற தரநிலைகள் வந்தன. 2013-இல் யூஎஸ்பி கேமராக்களுக்கான யூஎஸ்பி3 விஷன் வந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு டிரைவர் (கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் மென்பொருள்), ஒவ்வொன்றிலும் எக்ஸ்போஷருக்கு, அதாவது படத்துக்கு ஒளி வாங்கும் நேரத்துக்கு, ஒரு பெயர். கேமராவை மாற்றினால் பாதி நிரலை மாற்ற வேண்டும். அந்தத் தொல்லை இன்று பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் இந்தத் தரநிலைகள் கேமராவை எப்படி இயக்குவது, படம் எப்படி வந்து சேர வேண்டும் என்பதோடு நின்றுவிடுகின்றன. வந்த படத்தைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பது அவரவர் இஷ்டம். குளறுபடிகளும் அங்கேதான் அதிகம்.

சகஜமான ஒன்றைச் சொல்கிறேன். புதுப்படம் வந்ததும் டிரைவர் நம் நிரலைக் கூப்பிடும். அந்த இடத்திலேயே படத்தைத் திரையில் வரைந்துவிடுவது புதிதாக எழுதுகிறவர்களின் வழக்கம்; மாதிரி நிரல்களிலேயே அப்படித்தான் இருக்கும். மேசைமேல் வைத்துப் பார்க்கும்வரை பிரச்சினை இல்லை. உற்பத்தி லைனில் வேகம் கூடும்போது, திரையில் வரைந்து முடிக்கும்வரை அந்தப் படம் இருக்கும் நினைவக இடம், அதாவது பஃபர், டிரைவரிடம் திரும்பாது. காலிப் பஃபர்கள் தீர்ந்துபோகும். அடுத்த படத்தை வைக்க இடமில்லாமல் டிரைவர் அதைக் கீழே போட்டுவிடும். மனிதக் கண்ணுக்கு நொடிக்குப் பத்துப் படம் தாராளம். வேகமான கேமரா நொடிக்கு 200 அனுப்பினாலும் 60 ஹெர்ட்ஸ் திரையால் அத்தனையையும் காட்டவே முடியாது. அதனால் படம் எடுப்பதையும் காட்டுவதையும் தனித்தனி த்ரெட்டுகளாக, நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகளாக, பிரித்துவிட வேண்டும். காட்டும் த்ரெட் கையில் சிக்கிய கடைசிப் படத்தை மட்டும் நகலெடுத்து வரைந்தால் போதும், மிச்சத்தைத் தவறவிடலாம். எடுக்கும் த்ரெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

படம் தவறியது எப்படித் தெரியும்? கிக்-ஈ விஷனில் ஒவ்வொரு படத்துக்கும் கேமராவே வரிசை எண் போட்டு அனுப்பும். எண்ணில் இடைவெளி விழுந்தால் நடுவில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். ஒரு பழைய லைனில், நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவுக்கு, சுமார் ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'ஒரு படம் தவறியது' என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. கேபிளை மாற்றினார்கள், சுவிட்சை மாற்றினார்கள், நெட்வொர்க் கார்டையும் மாற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஐம்பத்தைந்து நிமிடக் கணக்குதான் என்னை உறுத்தியது. முதல் பதிப்புத் தரநிலையில் இந்த எண் 16 பிட். 65535 வரை போய், பூஜ்யத்தைத் தாண்டி, நேராக 1-க்குத் திரும்பும். நொடிக்கு 20 என்றால் ஒரு சுற்று முடிய 54 நிமிடம் 37 நொடி ஆகும். நிரலை எழுதியவர் 65535-க்கு அடுத்தது 0 என்று எதிர்பார்த்திருக்கிறார். படம் எதுவும் தவறவே இல்லை. (இரண்டாம் பதிப்பில் 64 பிட் எண்ணுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள், இனி அது சுற்றி வருவதைப் பார்க்க யாரும் உயிரோடு இருக்கமாட்டோம்.)

அது பொய் எச்சரிக்கை, தொலையட்டும். எச்சரிக்கையே வராமல் இருப்பதுதான் ஆபத்து. ஈதர்நெட் கேமராவின் படம் சின்னச் சின்னத் துண்டுகளாக, யூடிபி பாக்கெட்டுகளாக வருகிறது; போய்ச் சேர்ந்ததா என்று யூடிபி தானாகப் பார்க்காது. சில பாக்கெட்டுகள் வழியில் தொலையும். டிரைவர் திருப்பிக் கேட்டு வாங்கும். அதிலும் கிடைக்காவிட்டால் 'முழுமையில்லை' என்ற குறிப்போடு பஃபரை நம்மிடம் தந்துவிடும். அந்தக் குறிப்பைப் பார்க்காத மென்பொருள்களை நான் கண்டிருக்கிறேன். பஃபர்களைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவதால், வந்து சேராத பட்டையில் அதே பஃபரில் முன்பு இருந்த பழைய படத்தின் பகுதி அப்படியே கிடக்கும். ஒரே மாதிரிப் பொருள்கள் வரிசையாகப் போகும் லைனில் இந்த ஒட்டுப்போட்ட படம் முழுசாகவே தெரியும். குறை இருந்த பகுதி தொலைந்துபோய், முந்தைய நல்ல பொருளின் பகுதி அங்கே உட்கார்ந்திருந்தால், இயந்திரம் 'ஓகே' சொல்லி அனுப்பிவிடும்.

அதனால் இப்போதெல்லாம் எந்தத் தொகுப்பைச் சோதித்தாலும், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிவிடுகிறேன். சில மென்பொருள்கள் உடனே சொல்லிவிடும். சில தொங்கிப்போகும். அதையாவது மன்னிக்கலாம், ஏதோ ஆகிவிட்டது என்று பார்க்கிறவருக்குத் தெரியும். கடைசிப் படத்தை அப்படியே காட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் இருப்பவற்றைத்தான் நான் திருப்பி அனுப்புவது. அசையாமல் நிற்கும் பொருளின் படத்துக்கும் உறைந்துபோன படத்துக்கும் பார்வையில் என்ன வித்தியாசம்?

எங்கள் திரைகளில் படத்தின் மூலையில் வரிசை எண்ணும் நேரமும் ஓடும். ஆரம்பத்தில் ஆபரேட்டர்கள், "இது எதுக்கு சார், கண்ணை உறுத்துது" என்றார்கள். எழுத்தைச் சின்னதாக்கினேன், எடுக்கவில்லை. பின்னால் ஒரு நாள் இரவு ஷிஃப்டிலிருந்து போன் வந்தது. "சார், படம் நல்லாதான் இருக்கு, ஆனா நம்பர் நிக்குது." லைனை நிறுத்தச் சொன்னேன். கேமராவின் பின்பக்கம் கனெக்டர் ஸ்க்ரூ அதிர்வில் கழன்றிருந்தது.