கத்தியைவிடக் கவுன்ட்டருக்குத்தான் பயம்

பித்தப்பையில் கல் இருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொன்னதும் என் கை தானாகப் பையிலிருந்த முகாம் அடையாள அட்டையைத் தடவிப் பார்த்தது. வேலூர் மேல்மொணவூர் முகாம்காரர்களுக்கு இது புரியும். 1990-இல் மன்னாரிலிருந்து படகேறி வந்த குடும்பம் எங்களுடையது. அகதிகள் முகாம் என்ற பெயர் 2021-இல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது; 2023-இல் புது வீடுகளும் கிடைத்தன. இருந்தாலும் கவுன்ட்டரில் ஒருவர் அட்டையைப் புரட்டிப் பார்த்து, "இது இன்னா கார்டும்மா?" என்றால் வயிறு கலங்கத்தான் செய்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாமில் இருப்பவர்களுக்கும் இடமுண்டு. எங்களிடம் வருமான வரம்பு பார்ப்பதில்லை, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. காப்பீட்டு அட்டையில் இருந்த என் பெயருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிய பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். அதைச் சரிசெய்ய அலைந்த அலைச்சலில் கல் தானாகவே கரைந்திருக்கலாம், கரையவில்லை.

வேலூரில் வாழ்வதில் ஒரு வசதி, இங்கே நோயாளியாக இருப்பது யாருக்கும் அதிசயமில்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிஎம்சி ஆஸ்பத்திரி இன்று ஊரின் பாதிப் பிழைப்பு. காந்தி ரோடு, பாபுராவ் தெரு லாட்ஜ்களில் வங்காளிப் பலகைகள். எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மொழி தெரியாமல் நிற்பவர்களுக்கு நான் கையைக் காட்டி வழி சொல்லியிருக்கிறேன். அந்த நிமிடத்தில் நான் முழு வேலூர்க்காரி!

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் வரிசையில் நின்றால் முடிந்துவிடுகிற சமாச்சாரம். எனக்கு உண்மையில் தைரியம் கொடுத்தது மயக்க மருந்து டாக்டரைப் பார்த்த நாள்தான். வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தை நிமிர்த்தச் சொன்னார், ஆடுகிற பல் உண்டா, இழுப்பு உண்டா, முன்பு ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பிரஷர் எகிறியிருந்தது. கொஞ்ச நேரம் உட்காரவைத்துத் திரும்பப் பார்த்தார்கள், இறங்கிவிட்டது.

"நடுவில முழிச்சிட்டா, டாக்டர்?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஊசி போட்டுட்டு நான் போயிட மாட்டேம்மா. முடியுற வரைக்கும் உங்க தலைமாட்டுலயே மானிட்டரைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்றார். வயிற்றில் சின்னதாகச் சில துளைகள்தான் போடுவார்கள், உள்ளே இடம் தெரிவதற்காகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புவார்கள், அதனால் பிறகு தோள்பட்டை வலிக்கலாம் என்றும் சொல்லிவைத்தார். வயிற்றில் ஆபரேஷன், வலி தோளில்! இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் மாரடைப்பு என்றே முடிவுகட்டியிருப்பேன்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் ஆளுக்கொரு பேச்சு. சாப்பாட்டை 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும் என்றார் அவர். வார்டிலோ நள்ளிரவுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். எனக்கு எது என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்தது, உடனிருக்க ஆள். தம்பி டொரோண்டோவில், அக்கா மன்னாரில். பெண்கள் வார்டில் இரவில் மகன் தங்க முடியாது. அந்த வார்டில் ஒரு நோயாளிக்கு மாமியார், நாத்தனார், சித்தி என்று ஒரு கல்யாணக் கூட்டமே வந்துபோவதைப் பார்த்தபோது கொஞ்சம் பொறாமைதான். கொணவட்டத்தில் பீடி சுற்றும் என் தோழியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இதுக்குப் போயி இன்னாக்கா யோசிச்சிகினு கீற? நைட்டுக்கு நான் இருக்கேன்" என்றாள். அம்மாவுக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை. "ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை" என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தான் சாப்பிடாமல் இருக்கிறார். எண்ணெய்ப் பலகாரத்தோடு தேங்காய்ப்பால் சொதியும் எனக்கு இப்போது கிடையாது. ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதை அம்மா நம்பவே இல்லை.

திங்கட்கிழமை அட்மிஷன். மெஹந்தி, நெயில் பாலிஷ் கூடாது, தாலியையும் வளையலையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். அதே வாரம் முகாமில் செக்கிங்கும் வருகிறது. ஆள் ஏன் இல்லை என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு கடிதம் எழுதி, அட்மிஷன் சீட்டின் நகலோடு முகாம் தலைவரிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.