பழைய புல்லட்டில் கிளட்ச் தேய்ந்ததை அறிவதும் மாற்றுவதும்

1950-களில் சென்னை திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு புல்லட் தயாராகத் தொடங்கிய காலம்தொட்டு, வலப்பக்கம் கியரும் இடப்பக்கம் பிரேக்கும் கொண்டு வந்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுகளில், கிளட்ச் நோயை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை, காலால் மிதித்து எஞ்சினைக் கிளப்பும் கிக்கரே போதும். இவ்வண்டியில் கிக்கரின் விசை கியர்பாக்ஸ் வழியாகக் கிளட்சைக் கடந்துதான் எஞ்சினை எட்டுகிறது. பிஸ்டனைக் கம்ப்ரஷனுக்கு, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, கிக்கர்மேல் மெல்ல எடையை ஏற்றிப் பாருங்கள். நல்ல கிளட்ச் என்றால் கால் அங்கேயே கெட்டியாக நிற்கும். வழுக்கும் கிளட்ச் என்றால் எஞ்சின் அசையாமலேயே கிக்கர் கீழே இறங்கிவிடும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எஞ்சின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் கூடாமல் என் 350 சிசி வண்டி திணறியபோது, பார்த்த மெக்கானிக் ஒருவர் உடனே கிளட்சுக்குள் அடுக்கியிருக்கும் பிளேட் செட்டை மாற்றச் சொன்னார். அது அவசரமான தீர்ப்பு என்பது என் கருத்து. பிளேட்டுகள் தேயத் தேய, அவற்றை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உள்வாங்கி, லீவரைப் பிடிக்கும்போது அதைத் தள்ளுவதற்காக உள்ளீடற்ற கியர்பாக்ஸ் தண்டின் ஊடாக வரும் புஷ்ராடை நெருங்குகிறது. அதனால் கேபிளின் ஃப்ரீ பிளே, அதாவது தளர்வு, குறைந்து, லீவரைத் தொடாதபோதே அதைப் பாதி பிடித்ததுபோல் ஆகிக் கிளட்ச் வழுக்குகிறது. ஆகவே முதலில் லீவரில் 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வு வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்து ஆயில். இதன் கிளட்ச் எஞ்சின் ஆயிலோடு சேராத தனி அறையில் நனைந்து சுழல்வது. அதில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் புது பிளேட்டும் வழுக்கும். என் வண்டியில் இவ்விரண்டையும் சரிசெய்த பிறகும் கிக்கர் வழுக்கிக்கொண்டே இருந்ததால்தான் மூடியைத் திறந்தேன்.

இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றி, அடியில் தட்டு வைத்து, கிளட்ச் அறையின் பிரைமரி மூடியைத் தாங்கும் நடு நட்டை அவிழ்த்தால் ஆயில் முழுவதும் கொட்டிவிடும். அதன்பின் 3 ஸ்பிரிங்குகளின் திருகுகளை ஒன்று மாற்றி ஒன்றாகத் தளர்த்தினால் பிளேட்டுகளை வரிசை மாறாமல் உருவி எடுக்கலாம். அதற்கு, பிளேட்டுகள் உட்கார்ந்திருக்கும் டிரம்மைக் கழற்றத் தேவையில்லை. என்னுடைய உராய்வு பிளேட்டுகள் பளபளவென்று கண்ணாடிபோல் மெருகேறி, கருகிய நெடியோடு இருந்தன. ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பார்த்ததில் ஒன்று வளைந்திருந்தது; நீலம் பாரித்தவற்றையும் ஒதுக்கினேன். டிரம்மின் காடிகளில் பிளேட்டின் காதுகள் வெட்டிய பள்ளங்களை அரத்தால் மெல்லத் தேய்த்தேன், ஏனெனில் அந்தப் பள்ளங்களில் பிளேட் சிக்கிக்கொண்டால் லீவரைப் பிடித்தாலும் கிளட்ச் முழுதாக விடாமல் இழுக்கும், நியூட்ரல் விழாது.

புது பிளேட்டுகளை இரவு முழுவதும் ஆயிலில் ஊறவைத்து, பழைய வரிசையிலேயே அடுக்கினேன். இந்த வேலையில் பொறுமை வேண்டிய இடம் ஸ்பிரிங்குகளே. திருகுகளை ஒரே அளவில் இறுக்காவிட்டால் பிரஷர் பிளேட் ஒருபக்கமாகத் தூக்கும். லீவரைக் கட்டி வைத்துவிட்டுக் கிக்கரை மிதித்து, பிரஷர் பிளேட் தள்ளாடாமல் சுழல்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு திருகையும் கால் சுற்று, அரைச் சுற்று திருத்த வேண்டும்.

மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றி, நடு நட்டை அளவாக இறுக்குங்கள். கசிவுக்குப் பயந்து முறுக்கினால் மூடி வளைந்து இன்னும் அதிகமாகக் கசியும். லெவல் போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளையில் ததும்பும்வரை ஆயிலை ஊற்றினால் போதும். புது பிளேட்டுகள் படிந்ததும் லீவரின் தளர்வு மறுபடி குறையும் என்பதால், சில நாள் ஓட்டியபின் கேபிளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.