ஒரு மேசைக்கு ஒரு கத்தரிக்கோல்

விடுமுறைக்கால ஆங்கில முகாம் நடத்தியவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். பிள்ளைகளின் கைக்கு வேலை வந்ததும் வாய் தமிழுக்குத் திரும்பிவிடும். ஈர்க்கு சீவுவதற்கும் தாள் ஒட்டுவதற்கும் ஆங்கிலம் எதற்கு? பட்டம் அழகாக வந்துவிடும், பெற்றோரும் பார்த்து மகிழ்வார்கள். ஆனால் அன்று முழுவதும் “யெஸ் டீச்சர்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசாமல் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கும்.

இதற்கு ஆசிரியர்கள் கையாளும் ஒரு வழி உண்டு. பொருட்களைக் குறைத்து வைப்பது. ஐந்து பேர் இருக்கும் மேசைக்கு ஒரு கத்தரிக்கோல், ஒரு பசைப் போத்தல், ஒரு நூற்கட்டை. தேவைப்படுகிறவர் வைத்திருப்பவரிடம் ஆங்கிலத்தில் கேட்டு வாங்க வேண்டும். வைத்திருப்பவரும் ஆங்கிலத்தில் பதில் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். கேட்காமல் இருக்க முடியாத நிலை வந்தால் வாய் தானாகத் திறக்கும். 1970களிலிருந்து வளர்ந்த தொடர்பாடல்வழி மொழிக் கற்பித்தலில் இதன் பல வடிவங்கள் இருக்கின்றன. நானும் பல முகாம்களில் இதைச் செய்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

திருகோணமலையில் நடத்திய ஓகஸ்ட் முகாமில், பட்டம் கட்டும் நாளிலும் அப்படித்தான் நடந்தது. கச்சான் காற்று வீசுகிற காலம் என்பதால், கட்டி முடித்ததும் டச்சுக்குடாக் கரைக்குப் போய் ஏற்றலாம் என்று பிள்ளைகளுக்கு ஒரே அவசரம். அவசரம் இருந்ததால் கேள்விகளும் நிறையப் பிறந்தன. “கேன் ஐ ஹேவ் த சிசர்ஸ், ப்ளீஸ்?” என்பது ஒவ்வொரு மேசையிலிருந்தும் மாறி மாறிக் கேட்டது. கதவடி மேசையில் இருந்த தரம் 6 மாணவி ஒருத்தி மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டாள். மீனவக் குடும்பத்துப் பிள்ளை. பட்டத்தில் ஏற்று நூலைப் பிணைக்கும் முச்சையைக் கட்டுவதை அவளிடம்தான் பார்க்க வேண்டும். நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, வலை பொத்துகிறவர்கள் போடுகிற அதே முடிச்சைப் போட்டு, பல்லால் இறுக்கினாள். மற்றவர்கள் இரண்டு கையாலும் திண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

கத்தரிக்கோல் நாலாவது முறையாகக் கைமாறிப் போனபோது அவள் எழுந்து என்னிடம் வந்தாள். தமிழில்தான் கேட்டாள்.

“டீச்சர், அலுமாரிக்குள் நிறையக் கத்தரிக்கோல் இருக்கிறதுதானே?”

நான் காலையில் அலுமாரியைத் திறந்தபோது பார்த்திருக்கிறாள். இருக்கிறது என்றேன்.

“அப்படியென்றால் ஏன் தரவில்லை?”

நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டுப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் என்று உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “எண்ணெய் வரிசையில் நின்றபோது அப்பாவும் இப்படித்தான் சொல்வார். உள்ளே இருக்கிறது, தரமாட்டார்கள் என்று” என்றாள். சொல்லிவிட்டு மேசைக்குப் போய், தன் முறை வந்ததும் அதே ஆங்கில வாக்கியத்தைச் சரியாகச் சொல்லிக் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பதிலைத்தான் இன்னும் மனதில் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பிள்ளைகள் மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை வரை ஒன்பது வருடங்கள். அவ்வளவு காலமும் படித்துவிட்டு, வழி கேட்கும் வெளிநாட்டவர் ஒருவருக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒதுங்குகிற பிள்ளைகளை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் தினமும் பார்க்கலாம். கொப்பி நிறைய எழுத்து இருக்கும், வாயில் ஒன்றும் வராது. முகாம் என்று ஒன்றை நடத்துவதே அந்த வாயைத் திறப்பதற்காகத்தான். அன்று அந்த மாணவி பேசிய ஆங்கிலம், பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை முழுவதும் பேசுவதைவிட அதிகமாக இருந்திருக்கும் என்று துணிந்து சொல்வேன். யாரும் அவளைத் திருத்தவில்லை, யாரும் சிரிக்கவில்லை. கேட்டாள், கிடைத்தது. இதைவிட நல்ல பாடம் எது?

ஆனால் இந்தப் பிள்ளைகள் எந்த ஊர்ப் பிள்ளைகள் என்பதையும் நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. கான்களை வரிசையில் வைத்துவிட்டு இரவும் பகலும் காத்திருந்தார்கள். இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில், சீனக்குடாவில், வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக்கும் நேரடித் தொடர்பில்லை என்று பெரியவர்களுக்குத் தெரியும். தகப்பனின் கானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த சின்னப் பிள்ளைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அதே வருடம் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். தட்டுப்பாடு என்பதை அனுபவித்து அறிந்த பிள்ளைகளுக்கு நான் தட்டுப்பாட்டை ஒரு பயிற்சியாகக் கொடுத்தேன். இந்த வழியைக் கையேட்டில் எழுதியவர் எந்தப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதினாரோ, அவர்களுக்கு ஒரு கத்தரிக்கோல் என்பது விளையாட்டாகவே இருந்திருக்கலாம்.

அதனால் மறுநாள் திட்டத்தை மாற்றினேன். தேசிக்காய்ப் பானம் தயாரிக்கும் நாள் அது. தேசிக்காய், சீனி, உப்பு, தண்ணீர், கரண்டி எல்லாவற்றையும் மேசையில் தாராளமாக வைத்தேன். பொருளுக்குப் பதிலாகத் தகவலைப் பிரித்தேன். எத்தனை தேசிக்காய் என்பது ஒருவரின் அட்டையில், எத்தனை கரண்டி சீனி என்பது இன்னொருவரின் அட்டையில், எது முதல் எது பிறகு என்பது மூன்றாமவரின் அட்டையில். ஒருவரிடம் ஒருவர் கேட்டால்தான் பானம் ருசியாக வரும். யாரிடமிருந்தும் எந்தப் பொருளையும் நான் ஒளித்து வைக்கவில்லை. இதுவும் நன்றாக நடந்தது என்று எழுதத்தான் விருப்பம்.

கதவடி மேசையில் நடந்தது வேறு. அட்டையை வாசிக்க அந்த மாணவிக்கு நேரம் எடுத்தது. எழுத்துக்கூட்டி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த நகரப் பாடசாலைப் பையன் “இங்கே தா” என்று அட்டையை வாங்கி, ஒரே மூச்சில் வாசித்து முடித்தான். அவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, மேசையின் வேலை முன்னேறியது. அவள் தேசிக்காய் பிழிந்தாள். விதை ஒன்றும் விழாமல் விரலிடுக்கில் தடுத்துப் பிழிந்தாள். முதல் நாள் எல்லோரையும்விட அதிகம் பேசியவள் அன்று கடைசிவரை பேசவில்லை.

கத்தரிக்கோலுக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான். எவ்வளவு வாசிக்கத் தெரிந்தாலும் கேட்காமல் கிடைக்காது. அட்டைக்கு முன்னால் அப்படி இல்லை. வாசிக்கத் தெரிந்தவன் ஆளாகிறான், மற்றவர்கள் பிழிகிறார்கள். அட்டையில் படம் வரையலாம், சொற்களைக் குறைக்கலாம், சோடி சோடியாக உட்கார வைக்கலாம் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அவற்றையும் செய்யத்தான் போகிறேன். அப்படிச் செய்தாலும், முதல் நாள் அவள் வாயிலிருந்து வந்த அளவு பேச்சு வருமா என்பது சந்தேகம்தான்.

டிசம்பர் முகாமுக்குத் திட்டம் எழுத உட்கார்ந்தபோது, கிண்ணியாவிலிருந்து வரும் சக ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “முதலிலேயே சொல்லிவிட்டால் போதும் டீச்சர். அலுமாரியில் நிறைய இருக்கிறது, இன்று ஒன்றை வைத்து விளையாடப் போகிறோம் என்று. கிளித்தட்டில் கோட்டைத் தாண்டக் கூடாது என்றால் எந்தப் பிள்ளையாவது ஏன் என்று கேட்கிறதா?” என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் கிளித்தட்டில் கோட்டைக் கீறுவது பிள்ளைகள். சண்டை வந்தால் அவர்களே அழித்துவிட்டு வேறு கோடு கீறுவார்கள். அலுமாரித் திறப்பு என் கையில் இருக்கிறதே, சேர் என்றேன்.

“திறப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்களேன்” என்றார் அவர். கொடுத்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லாக் கத்தரிக்கோலும் மேசைக்கு வந்துவிடும், ஆங்கிலம் போய்விடும் என்றேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். கடைசியில் மேசைக்கு இரண்டு என்று பட்டியலில் எழுதினோம். எனக்கும் அதில் திருப்தி இல்லை, அவருக்கும் இல்லை. அந்தப் பிள்ளை டிசம்பரில் வந்தால் அதே கேள்வியைத்தான் கேட்பாள். அவள் வர வேண்டும் என்பதற்காக, மழைக்காலப் பயணச் செலவை முகாமே கொடுக்கும் என்று பெற்றோருக்கான கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.