படலையடி மானும் அம்மாவின் வலது கண்ணும்

வலது கண்ணில் கண்புரை எடுத்துக் கட்டு அவிழ்த்த அன்று, படலையடியில் மேய்ந்த மானின் புள்ளிகளை அம்மா எண்ணிக் காட்டினார். திருகோணமலைத் தெருக்களில் மான் திரிவது புதினமல்ல. அம்மா எண்ணியதுதான் புதினம்.

ஐந்தாம் நாள் காலை, "பனி மூடியது போல இருக்கிறது, தம்பி" என்றார். கண் சிவந்திருந்தது, வலி பெரிதாக இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. தூசி என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு மாமி நந்தியாவட்டைப் பூவோடு வந்துவிட்டார். பூ வேண்டாம் என்று சொன்ன அளவுக்குத்தான் எனக்குப் புத்தி இருந்தது; அரை நாளை வீணாக்கினேன். மாலையில் என் விரல்களை அம்மாவால் எண்ண முடியவில்லை. கை அசைவது மட்டும் தெரிந்தது. முச்சக்கரவண்டி பிடித்து ஓடினோம்.

வைத்தியர் கருவியில் நாடியை வைக்கச் சொல்லிப் பார்த்தார். கருவிழிக்குப் பின்னால், அடியில், வெள்ளையாகச் சீழ் படிந்திருந்தது. கண்ணுக்குள் கிருமித் தொற்று. உள்ளே எதுவும் தெரியாததால் மூடிய இமைமேல் ஸ்கேன் செய்தார்கள். பிறகு கண்ணை மரக்கச் செய்து, பாடசாலையில் 'கண்ணாடியுடனீர்' என்று படித்தோமே, கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் கூழ், அதில் சில துளிகளை ஊசியால் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. அதே இருப்பில் கிருமிகொல்லி மருந்துகள் இரண்டை, வன்கோமைசின் 1 மில்லிகிராம், செப்டசிடிம் 2.25 மில்லிகிராம், ஒவ்வொன்றும் 0.1 மில்லிலீற்றரில், கண்ணுக்குள்ளேயே போட்டார்கள். கண்ணுக்குள் ஊசியா என்று நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டேன், அம்மா அசையவில்லை.

"சேலைன் வழியாக மருந்து ஏற்றக்கூடாதா?" என்று கேட்டேன். இரத்தத்தில் போகும் மருந்து கண்ணுக்குள் போதிய அளவில் நுழையாது என்றார். 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றையும் சொன்னார்: வெளிச்சம் மட்டுமே தெரியும் நிலை என்றால் அந்தக் கூழை உடனே வெட்டி அகற்றுவது பலன் தரும், கையசைவாவது தெரிந்தால் ஊசியே ஏறக்குறைய அதே பலன் தரும். அம்மா அந்தக் கோட்டுக்கு இப்பால் நின்றார், மயிரிழையில்.

இரண்டு நாளில் சீழ் இறங்கியது. ஆய்வுகூட முடிவில் ஸ்டபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ் என்றிருந்தது. யாரைக் குறை சொல்வது? நம் இமைத் தோலிலேயே குடியிருக்கும் கிருமி அது. நீரிழிவும் அதற்குத் துணை போயிருக்கலாம்.

மூன்று மாதமாகிறது. மான் தெரிகிறது, புள்ளிகள் கொஞ்சம் கலங்கல். இடது கண்ணுக்குத் திகதி எப்போது என்று அம்மா கேட்கிறார். எனக்குத்தான் கை நடுங்குகிறது.