ஜான் கீகன்: போருக்குப் போகாத போர் வரலாற்றாசிரியர்

பதின்ம வயதில் இடுப்பைத் தாக்கிய காசநோயால் ஜான் கீகனுக்குக் கால் ஊனமானது. ராணுவத்தில் சேர வழியில்லை. ஆனால் 1960 முதல் 26 ஆண்டுகள், பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் வருங்கால அதிகாரிகளுக்குப் போர் வரலாறு கற்பித்தார்.

'தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்' (1976) நூலில் தளபதியின் வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, களத்தில் நின்ற சிப்பாய்க்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறார். 1815 வாட்டர்லூவில் பிரெஞ்சுக் குதிரைப்படையால் ஆங்கிலேயக் காலாட்படையின் சதுரங்களை (நாற்புறமும் வெளிநோக்கி நின்ற அணிவகுப்புகளை) ஏன் உடைக்க முடியவில்லை? நெருக்கமாக நீட்டிய துப்பாக்கிக் கத்திகள்மீது குதிரை பாயாது. கடைசி நொடியில் விலகிப் பக்கவாட்டில் ஓடும். அங்கே அடுத்த சதுரம் சுடக் காத்திருக்கும். இந்த ஒரு பகுதிக்காகவே நூலை வாங்கலாம்.

1986இல் டெய்லி டெலிகிராஃப் நாளிதழுக்குப் போனார். 2003 இராக் போரை ஆதரித்து எழுதினார். பிரஷ்யப் போர்க் கோட்பாட்டாளர் கிளாஸ்விட்ஸைச் சாடியபோது அவரைச் சரியாகப் படிக்கவில்லை என்ற விமர்சனமும் நியாயமானதே. சிப்பாயைப் பற்றி எழுதிய கீகனைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.